ஈர வயிற்றுக்கு ஓர் அனுமதிச் சீட்டு

ஒரு காட்டில் ஒரு குட்டை இருந்தது. குட்டை என்றால் பெரிய நீர்நிலை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு யானை இறங்கினால் மற்றவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டிய அளவுதான். ஆனால் கோடையில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் என்று இருந்தது அது ஒன்றுதான். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எல்லா விலங்குகளும் அங்கேதான் வந்தாக வேண்டும். கதைக்கு இது முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காட்டில் முன்பு ராஜா ஆட்சி நடந்தது. சிங்கம் ராஜாவாக இருந்தது. பிறகு காலம் மாறிவிட்டது, ராஜா ஆட்சி ஒழியட்டும் என்று தேர்தல் வைத்தார்கள். இப்போது சிங்கம் தலைவராக இருக்கிறார். தலைவரும் குட்டைக்கு வருவார். வந்த இடத்தில் ஒரு மானையோ முயலையோ சாப்பிடுவார். தலைவர் சாப்பிட்டால் அது நிர்வாகம். அதையே சிறுத்தை சாப்பிட்டால் பயங்கரவாதம். இந்த வித்தியாசம் புரியாதவர்களுக்குக் காட்டில் எந்தக் காலத்திலும் கஷ்டம்தான்.

குட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, கூழாங்கல் பரவிய பொட்டல்வெளியில் ஓர் ஆள்காட்டிக் குருவி ஜோடி குடியிருந்தது. பெண்ணின் பெயர் மூக்காயி. ஆணின் பெயர் சங்கிலி. இந்தக் குருவிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில், கல்லோடு கல்லாகக் கிடக்கும்படி முட்டையிடும். அப்படி இட்டுவிட்டு அடைகாத்தால் நிம்மதி எங்கே இருக்கும்? அதனால் கண்ணில் எது அசைந்தாலும் கத்தும். காடே அந்தக் கத்தலை நம்பித்தான் தண்ணீர் குடித்தது. மூக்காயிக்குச் சம்பளமும் கிடையாது, சீருடையும் கிடையாது.

குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்று சொல்லலாம். மூக்காயி சிறுத்தைக்கும் கத்தும், சருகுக்கும் கத்தும், மேகத்தின் நிழல் தரையில் ஓடினால் அதற்கும் கத்தும்.

ஒருநாள் கொம்பையா என்ற கடமானும் அதன் மனைவி பேச்சியும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. மூக்காயி கத்தியது. எல்லோரும் ஓடினார்கள், கொம்பையாவும் ஓடியது. பேச்சி மட்டும் நகரவில்லை. "அது காத்தடிச்சாலும் கத்தும். நீங்க ஓடுங்க, நான் இன்னொரு வாய் குடிச்சிட்டு வாரேன்" என்றது. அந்த இன்னொரு வாய்க்குள் சிறுத்தை வந்துவிட்டது. கொம்பையா திரும்பிப் பார்த்தபோது புதருக்குள் ஒரு வால் போவதுதான் தெரிந்தது.

கொம்பையா அழுத அழுகையில் பொய் இல்லை. அதை நான் கேலி செய்ய மாட்டேன். அழுது முடித்துவிட்டு நேராகத் தலைவரிடம் போய், "எனக்கு என்ன ஆனாலும் சரி, இனி ஒருத்தர் வீட்லயும் இப்படி நடக்கக் கூடாது. கடுமையா ஒரு சட்டம் போடுங்க" என்று கேட்டது.

தலைவர் உடனே ஒரு பாதுகாப்பு ஆலோசகரை நியமித்தார். அது ஒரு கீரி. பாம்பு பிடித்த அனுபவம் உண்டு என்பதால் சிறுத்தை விஷயமும் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கீரி எல்லா விலங்குகளையும் கூட்டிவைத்து விளக்கியது.

"ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் பாதுகாப்பு, இன்னொரு தட்டில் சுதந்திரம். இரண்டும் சமமாக நிற்க வேண்டும். இப்போது சுதந்திரத் தட்டு கனமாக இருக்கிறது. கொஞ்சம் எடுத்துவிடலாம்."

"எவ்வளவு எடுப்பீங்க?" என்றது ஒரு முயல்.

"சமமாகும் வரை."

"சமமாயிடுச்சுன்னு யாரு பாத்துச் சொல்லுவா?"

"அது பாதுகாப்பு ரகசியம்" என்றது கீரி. முயல் உட்கார்ந்துவிட்டது.

மறுநாளே குட்டையைச் சுற்றி முள்வேலி வந்தது. ஒரே ஒரு வாசல், அதில் ஒரு காட்டுப்பன்றி சோதனை அதிகாரி. எல்லோரும் அதை ஏட்டய்யா என்று கூப்பிட்டார்கள், அதற்கும் அது பிடித்திருந்தது. இனி சிறகு உள்ளவர்களும் வேலிக்கு மேலே பறக்காமல் வரிசையில்தான் வர வேண்டும், வரிசையில் நிற்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. கூர்மையான பொருள் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. முதல் ஆளாகக் கொம்பையா தலையை நீட்டியது. மரங்கொத்தி உட்கார்ந்து இரண்டு கொம்புகளையும் கொத்தி எடுத்தது. "பேச்சிக்காகக் குடுக்கேன்" என்று கொம்பையா சொன்னபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முள்ளம்பன்றி முள்ளையெல்லாம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனபோது, ஏதோ பெருச்சாளி வருகிறது என்று அதன் பிள்ளைகளே கதவைச் சாத்திக்கொண்டன.

இவற்றோடு கத்தலுக்கும் ஒரு விதி வந்தது. முன் அனுமதி இல்லாமல் யாரும் எச்சரிக்கைக் குரல் எழுப்பக் கூடாது. மீறி யாராவது கத்தினால், கேட்டவர்கள் ஓடக் கூடாது. ஓடினால் நெரிசலாகும். இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இதற்குத் தினமும் காலையில் ஒத்திகை நடந்தது, எல்லோரும் நன்றாகவே தேறினார்கள்.

வாசலில் சிறுத்தையின் படம் ஒன்றும் மாட்டினார்கள். அதை வரைவதில் ஒரு சிக்கல் இருந்தது. சிறுத்தையைப் பக்கத்தில் பார்த்தவர்கள் யாரும் திரும்பி வந்து அடையாளம் சொன்னதில்லை. அதனால் ஆளுக்கொரு அபிப்பிராயம் கேட்டு, எதையும் விட்டுவிடாமல் வரைந்தார்கள். படத்தில் சிறுத்தைக்கு இரண்டு கொம்பும் நான்கு கோரைப்பல்லும் முதுகில் ஒரு திமிலும் இருந்தன.

"இது சிறுத்தையே இல்லய்யா" என்றது மூக்காயி. "அதுக்குக் கொம்பு கிடையாது. பெரிய பூனை கணக்கா இருக்கும். மேலெல்லாம் புள்ளி."

கீரி அதை ஏற இறங்கப் பார்த்தது. "சிறுத்தையை உனக்கு அவ்வளவு நெருக்கமாகத் தெரியுமா?" என்று கேட்டது.

இதெல்லாம் மற்றவர்கள் கதை. மூக்காயியின் கதை தண்ணீரில் ஆரம்பித்தது. சித்திரை வெயிலில் பொட்டல்வெளிக் கல் அடுப்புக்கல் போலக் கொதிக்கும். அதன்மேல் கிடக்கும் நான்கு முட்டைகளைக் காப்பாற்ற ஆள்காட்டிகளுக்கு ஒரு வழி உண்டு. ஒன்று சிறகை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று குட்டைக்கு ஓடி, வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். இப்படி மாற்றி மாற்றி, பொழுது சாயும்வரை.

சட்டம் வந்த பிறகு முதல்முறை மூக்காயி ஈர வயிற்றோடு வெளியே வந்தபோது ஏட்டய்யா மறித்தது.

"வயித்துல என்ன?"

"தண்ணி, ஏட்டய்யா. எறகு நனையுற அளவுதான்."

"தண்ணிய வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு உத்தரவு. பதுங்கியிருக்க சிறுத்தைக்கு யாராச்சும் கொண்டுபோய்க் குடுத்துருவீங்க."

"முட்டைக்குய்யா. காஞ்சா குஞ்சு செத்துப்போயிரும்."

"எனக்கும் புள்ளகுட்டி இருக்கு தாயி. ஆனா உத்தரவுன்னா உத்தரவு" என்று சொல்லி, ஏட்டய்யா தன் மூக்கால் மூக்காயியின் வயிற்றை அழுத்திப் பிழிந்தது. வலிக்காமல்தான் பிழிந்தது. தண்ணீர் வாசல் மண்ணில் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

மூன்று நடை போய் மூன்று நடையும் பிழியப்பட்டு வந்தது மூக்காயி. முட்டை சூடேறினால் உள்ளே இருக்கும் குஞ்சு வெந்துவிடும். இந்த இடத்தை நகைச்சுவையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. வெறும் வயிற்றை முட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு, மூக்காயி கீரியிடம் ஓடியது.

கீரி பொறுமையாகக் கேட்டது. "சட்டத்தில் இரக்கத்துக்கும் இடம் உண்டு. உனக்கு ஈர வயிற்று அனுமதிச் சீட்டு தருகிறேன். பதிலுக்கு நன்னடத்தை உறுதிமொழி ஒன்று கொடுக்க வேண்டும். இனிமேல் கத்த மாட்டேன் என்று."

"சிறுத்தை வந்தா?"

"முன் அனுமதி வாங்கிக்கொண்டு தாராளமாகக் கத்தலாம். சிறுத்தை எந்த நாள், எந்த நேரம், எந்த வழியாக வரும் என்பதை மட்டும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும்."

"அது சிறுத்தைக்குத்தானய்யா தெரியும்?"

"அப்படியானால் அதனிடம் ஒரு கையெழுத்து வாங்கி இணைத்துவிடு."

மூக்காயி வீட்டுக்கு வந்து சங்கிலியிடம் சொன்னது. "கத்தாம இருக்கணுமாம். நம்ம சாதியில யாராச்சும் கத்தாம இருந்திருக்காங்களா?"

சங்கிலி காலையிலிருந்து சிறகை விரித்தபடி வெயிலில் நின்றிருந்தது. அதன் அலகு திறந்தே கிடந்தது. "முட்டை பொரியட்டும் மூக்காயி. பொறவு கத்திக்கிடலாம்" என்றது.

மூக்காயி போய் உறுதிமொழியில் காலைப் பதித்துச் சீட்டை வாங்கியது. அன்று நனைந்த வயிற்றோடு முட்டைமேல் உட்கார்ந்தபோது, உள்ளே ஏதோ மெல்லப் புரண்டு படுப்பது தெரிந்தது. அதற்கு அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

கத்தாமல் இருப்பது சுலபமில்லை. சருகு விழுந்தால் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். அதனால் மூக்காயி அலகில் ஒரு கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டே திரியத் தொடங்கியது. காடு அமைதியானது. கொம்பையா ஒருநாள் அதைப் பார்த்து, "இப்பத்தான் நிம்மதியாத் தண்ணி குடிக்க முடியுது மூக்காயி. நல்லா இருப்ப" என்று மனதார வாழ்த்திவிட்டுப் போனது. வாயில் கல் இருந்ததால் மூக்காயி தலையை மட்டும் ஆட்டியது.

சிறுத்தைக்கும் தாகம் எடுக்குமல்லவா? வெளியே தண்ணீர் கிடைக்காததால் ஒருநாள் அதுவும் வரிசைக்கு வந்தது. ஒழுங்காக, யாரையும் முந்தாமல், கொம்பையாவுக்குப் பின்னால் நின்றது.

"என்ன ஒரு மாதிரி வாடை வருது?" என்றது முன்னால் நின்ற முயல்.

"வரிசையில பேசப்படாது" என்றது ஏட்டய்யா.

சிறுத்தையின் முறை வந்தது. ஏட்டய்யா படத்தைப் பார்த்தது, ஆளைப் பார்த்தது. கொம்பு இல்லை, திமிலும் இல்லை. "காலக் காட்டுங்க" என்றது. சிறுத்தை பணிவாக ஒரு காலை நீட்டியது. பூனைச் சாதிக்கு நகம் உள்ளே மடங்கியிருக்கும், வேண்டும்போதுதான் வெளியே வரும். ஏட்டய்யா அமுக்கிப் பார்த்தது, பஞ்சு போல இருந்தது. காட்டில் இவ்வளவு சாதுவான கால் வேறு யாருக்கும் இல்லை என்று பாராட்டி உள்ளே அனுப்பியது.

அந்த நேரத்தில்தான் மூக்காயி வயிற்றை நனைத்துக்கொண்டு வெளியே வந்தது. குட்டையில் வயிற்றை நனைக்கும்போது கல்லைக் கீழே போட்டுவிடுவது வழக்கம். அதனால் வாய் காலியாக இருந்தது. சிறுத்தையைப் பார்த்ததும் உறுதிமொழி ஞாபகத்துக்கு வந்து, கத்தாமல் ஏட்டய்யாவின் காதருகே போனது.

"ஏட்டய்யா, அது சிறுத்தை."

"எப்படிச் சொல்லுத?"

"மேல புள்ளியப் பாருங்க."

"புள்ளிமானுக்குந்தான் புள்ளி இருக்கு. அதப் புடிச்சு உள்ள போட முடியுமா? தோலைப் பாத்து யாரையும் சந்தேகப்படக் கூடாதுன்னு ஆலோசகர் வகுப்பெடுத்திருக்காரு. அதுதான் தாயி சுதந்திரம்."

மூக்காயி திரும்பிப் பார்த்தது. கொம்பையா தண்ணீரில் தலையைக் குனிந்திருந்தது. கொம்பு இருந்த இடத்தில் இரண்டு வட்டத் தழும்புகள். அன்று பேச்சி நின்ற அதே கரை. அதற்குப் பின்னால் சிறுத்தை தண்ணீர் குடித்து முடித்து உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. மூக்காயியின் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அங்கே பொட்டலில் நான்கு முட்டைகள் கொதித்துக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தால் சீட்டு போய்விடும். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

அது போகவில்லை. கத்தியது. இத்தனை நாள் கல்லை வைத்து அடைத்த கத்தல் எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது.

குட்டை முழுக்கக் கேட்டது. ஒத்திகையில் கற்றுக்கொண்டபடி எல்லோரும் உட்கார்ந்தார்கள். கொம்பையாவின் கால்கள் ஓடத்தான் துடித்தன. ஆனால் அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியதே தான்தான் என்று அதற்கு நினைவு வந்தது. கால்களை அடக்கி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடியது. "ஓடுங்கண்ணே, ஓடுங்க" என்று மூக்காயி தலைக்குமேல் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தியது. சிறுத்தை எல்லோரும் சரியாக உட்காரும்வரை காத்திருந்தது. பிறகு அதன் நகம் வெளியே வந்தது.

விசாரணை அன்றே நடந்தது. கீரி வாதத்தைத் தெளிவாக எடுத்துவைத்தது. பேச்சி செத்த அன்று முதலில் மூக்காயி கத்தியது, பிறகு சிறுத்தை வந்தது. கொம்பையா செத்த அன்றும் முதலில் மூக்காயி கத்தியது, பிறகு சிறுத்தை பாய்ந்தது. இடையில் அது வாயை மூடியிருந்த நாட்களில் ஒரு சம்பவமும் இல்லை. இதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும்?

சம்பவ இடத்தில் மிக அருகில் இருந்தவர் என்ற முறையில் சிறுத்தையைச் சாட்சியாக அழைத்தார்கள்.

"கத்தல் கேட்டது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும் நிலையில் நான் இல்லை. வாய் நிறைய இருந்தது" என்றது சிறுத்தை.

ஏட்டய்யா மெதுவாகத் தொண்டையைச் செருமியது. "அப்போ, கொன்னது இவருதான..."

"உங்கள் சோதனையில் ஆயுதம் எதுவும் இல்லை என்று உறுதி செய்து அனுப்பியிருக்கிறீர்கள். சோதனை தவறு என்கிறீர்களா?" என்றது கீரி.

ஏட்டய்யாவுக்கு உத்தியோகம் இருந்தது, பிள்ளைகுட்டி இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டது.

இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற ஆள் நிர்வாகத்துக்குத் தேவை என்று தலைவர் கருதினார். சிறுத்தை குட்டைப் பாதுகாப்பு அதிகாரியாக நியமிக்கப்பட்டார். இனி நானும் மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும். அவர் தினமும் வரிசையைப் பார்வையிடுவார், ஒருவரை அழைத்துக்கொண்டு புதருக்குள் போவார், தனியாகத் திரும்பி வருவார். அது நிர்வாகம் என்பதால் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கோடையிலேயே காட்டில் பயங்கரவாதம் அடியோடு ஒழிந்தது.

மூக்காயியை ஒரு மரப்பொந்தில் அடைத்தார்கள். காரணத்தைச் சொன்னால் பாதுகாப்புக்குப் பாதகம் என்பதால் சொல்லவில்லை. மேல்முறையீட்டை ஆமை நீதிபதி ஏற்றுக்கொண்டார், ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டும் நாளில் விசாரிப்பதாக உத்தரவிட்டார். கோடையில் அவர் தலையை நீட்டுவதில்லை.

பொட்டலில் சங்கிலி ஒற்றை ஆளாக நின்றது. தண்ணீருக்குப் போனால் நிழல் போய்விடும், நிழலுக்கு நின்றால் தண்ணீர் இல்லை. சீட்டோ மூக்காயி பெயரில் இருந்தது, அதுவும் ரத்தாகிவிட்டது. அந்த நிலையில் கீரி நடந்து வந்தது.

"முட்டைகளை அரசுப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்கிறோம். வெயிலில் இப்படி விட்டுவைப்பது நல்லதல்ல."

சங்கிலி அலகைத் திறந்தது.

"கத்தினால் அவள் வெளியே வருவது கஷ்டம்" என்றது கீரி, அக்கறையாகத்தான்.

சங்கிலி அலகை மூடியது. ஆள்காட்டிக் குருவியின் முட்டைக்கு ஒருவர் கை நீட்டியும் கத்தல் எழாமல் இருந்தது அன்றுதான் முதல்முறை. கீரி போகும்போது நான்கு முட்டைகள் பெற்றுக்கொண்டதாக ஓர் இலையில் ரசீது கொடுத்துவிட்டுப் போனது.

மழைக்காலம் தொடங்கியதும் மூக்காயியை விட்டுவிட்டார்கள். குற்றமில்லை என்று யாரும் சொல்லவில்லை, பொந்து வேறொருவருக்குத் தேவைப்பட்டது. அது நேராகப் பொட்டலுக்கு ஓடியது. சங்கிலி காய்ந்துபோன ரசீது இலையை எடுத்து நீட்டியது. இரண்டும் கீரியிடம் போயின.

"முட்டைகள் மிகவும் பாதுகாப்பாக இருக்கின்றன" என்றது கீரி.

"எங்கய்யா இருக்கு? இந்நேரம் பொரிஞ்சு ஓடித் திரியணுமே. ஒருதரம் பாத்துட்டுப் போயிருதோம்."

"இருக்கும் இடத்தைச் சொன்னால் பாதுகாப்பு போய்விடும். படித்தவர்கள் மாதிரி யோசியுங்கள்."

கீரியின் மீசையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மூக்காயி அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பார்த்துவிட்டு, கத்தாமல் திரும்பி நடந்தது. அது கத்தாமல் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த கோடைக்கு முன்னால் இரண்டும் காட்டைவிட்டுப் போய்விட்டன. காட்டின் எல்லையில் ரயில் தண்டவாளம் ஒன்று போகிறது. அதன் ஜல்லிக் கற்களுக்கு நடுவில் மூக்காயி மறுபடி முட்டையிட்டது. வழியில் போன காக்கை ஒன்று பதறிப்போய், "ரயில் ஓடுற எடத்துல யாராச்சும் முட்டை வைப்பாங்களா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று கேட்டது.

"பரவால்ல" என்றது மூக்காயி. "அது வர்றதுக்கு முன்னாடி கத்திக்கிட்டே வருது."

நீதி: பாதுகாப்பும் சுதந்திரமும் சமமாக இருக்க வேண்டும். ஆகையால் சிறுத்தைக்குச் சுதந்திரமும் மற்றவர்களுக்குப் பாதுகாப்பும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுள்ளன. (இந்த நீதி முன் அனுமதி பெற்றுச் சொல்லப்படுகிறது.)